தேயிலைக்கு நடுவே ஒரு கறுப்புக் கோடு

பதுளையில் பழைய சந்தைக் கட்டடத்தை இப்போது படக்கூடமாக்கி வைத்திருக்கிறார்கள். யாரிடமும் படம் வரையப் படிக்காதவர்கள் செய்தவை மட்டும்தான் அங்கே இருக்கும். லொறி ஓட்டுகிறவர் வரைந்த யானைகள், தையல்காரர் துணித்துண்டுகளை ஒட்டிச் செய்த சாமிகள். மீன் விற்ற சிமெந்துத் திட்டுகளின் மேலேயே அவற்றைச் சாய்த்து வைத்திருக்கிறோம். தூசி தட்டுவதும், வருகிறவர்கள் தொடாமல் பார்த்துக்கொள்வதும் என் வேலை.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் லயத்துக்குப் பக்கத்து லயத்துப் பெரியம்மா ஒருவரும் அங்கே படம் கொண்டுவருவார். கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். உரப்பையை வெட்டி விரித்து, மிச்சம் மீதி பெயின்ற்றில் வரைவார். தோட்டத்தில் அவரைப் புத்தி சரியில்லாதவர் என்பார்கள். ஆனால் கண்ணால் பார்க்காத எதையும் அவர் வரைந்ததில்லை. லயத்தில் பன்னிரண்டு கதவென்றால் படத்திலும் பன்னிரண்டுதான்.

போன ஐப்பசியில் மழை விடாமல் பெய்த ஒரு காலை, சேலைத்துணியில் சுற்றி ஒரு படம் கொண்டுவந்தார். எங்கள் லயம். அதற்கு மேலே தேயிலை மலை. செடிகளுக்கு நடுவே ஒரு கறுப்புக் கோடு. பாதையா என்று கேட்டேன்.

“பாதையில்ல. மண்ணு பொளந்திருக்கு. கால விட்டுப் பாத்தேன், முழங்கால் வரைக்கும் எறங்குது.”

தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கங்காணியிடம் சொன்னாராம். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டாராம்.

கோட்டுக்கு நேர் கீழே இருந்த கதவு என் வீட்டுக் கதவு. மழைக்காகப் பள்ளிக்கூடம் மூடியிருந்ததால் பிள்ளைகள் இரண்டு பேரும் உள்ளேதான் இருந்தார்கள். தோட்டத்து ஃபெக்டரியில் வேலை செய்யும் என் கணவருக்கு போன் அடித்தேன், எடுக்கவில்லை. படத்தைச் சுருட்டிக்கொண்டு, பெரியம்மாவோடு பஸ் ஏறினேன். வளைவுக்கு வளைவு கண்ணாடியைத் துடைத்து, லயம் தெரிகிறதா என்று பார்த்தேன்.

லயம் இருந்தது. பிள்ளைகளைக் கோயில் மண்டபத்தில் உட்கார வைத்துவிட்டு, ஃபெக்டரியிலிருந்து கணவரைக் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் மலையேறினோம். படத்தில் இருந்த இடத்திலேயே மண் பிளந்திருந்தது. பெரியம்மா கையிலிருந்த கம்பை உள்ளே விட்டார். கம்பு முழுதாகப் போய்விட்டது. கணவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினார்.

அவர் கிராம சேவகரிடம் ஓட, நானும் பெரியம்மாவும் வீடு வீடாகத் தட்டினோம். படத்தை விரித்துக் காட்டியும் பாதிப் பேர் அசையவில்லை. கிராம சேவகர் மேலே போய்ப் பார்த்துவிட்டு, வெளிறிய முகத்தோடு வந்து சொன்ன பிறகுதான் எல்லாரும் கோயில் மண்டபத்துக்கு வந்தார்கள்.

மறுநாள் மத்தியானம் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது மலை சரியும் சத்தம் கேட்டது. யாரும் ஓடவில்லை. ஆளாளுக்குத் தங்கள் பிள்ளைகளைத் தொட்டு எண்ணினார்கள். என் இரண்டு பேரை நான் மூன்று தடவை எண்ணினேன். நான்கு வீடுகள் மண்ணுக்குள் போயின, எங்களுடையதும்தான். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. கங்காணி வந்து பெரியம்மா முன்னால் நின்றார். பெரியம்மா நகர்ந்து, அவர் உட்கார இடம் விட்டார்.

வீடு கட்ட வேறு இடம் தருவதாகத் தோட்டத்தில் சொன்னார்கள். இன்னும் தரவில்லை. அதே மலையின் மறுபக்கம் இன்னொரு லயத்தில் இருக்கிறோம். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் மழை பெய்தால், நானும் கணவரும் செடிகளுக்குள் குனிந்து மண்ணைப் பார்த்தபடி மேலே ஏறுகிறோம். இதுவரை ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும், இறங்கி வந்ததும் பிள்ளைகளை ஒரு தடவை எண்ணிப் பார்க்கிறேன்.