ஸ்டிக்கரை நம்பி வாங்கிய எஸ்.எம்.பி.எஸ்.

கடலூரில் கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். எடிட்டிங்குக்கு ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தபோது கூட வந்தவன் என் மனைவியின் தம்பி. சிதம்பரத்தில் மூன்று மாதம் ஹார்டுவேர் கோர்ஸ் படித்த மேதை. நீல விளக்கு எரிகிற கேபினெட்டைத் தேடி அரை நாள் கடை கடையாக அலைந்தோம். உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். பற்றிக் கேட்டேன். "அது கேபினெட்டோட சும்மாவே வருது மாமா. ஐநூறு வாட்ஸ்னு ஸ்டிக்கர் போட்டிருக்கான் பாருங்க" என்றான். தூக்கிப் பார்த்தேன், காலி டிபன் பாக்ஸ் கனம்கூட இல்லை. இருந்தும் ஸ்டிக்கரை நம்பினேன்.

கிராபிக்ஸ் கார்டு போட்டதிலிருந்து எடிட்டிங் நடுவில் கம்ப்யூட்டர் அணைந்து அணைந்து எழுந்தது. மேசையைக் கிழக்கே திருப்பச் சொன்னான் மேதை. திருப்பினேன். திருவந்திபுரத்தில் எடுத்த ஒரு கல்யாணத்தைக் கேமரா கேசட்டிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்த அன்று எஸ்.எம்.பி.எஸ். வெடித்து, ஹார்டு டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போனது. அந்தக் கேசட், மறுநாள் வேறொரு வீட்டு முகூர்த்தத்தை அதன்மேலேயே எடுப்பதற்காகப் பையில் இருந்தது. ஒரு நாள் கழித்து வெடித்திருந்தால் அந்தப் பெண் கழுத்தில் தாலி ஏறியதைக் காட்ட ஒரு துண்டு வீடியோவும் மிஞ்சியிருக்காது.

இப்போது எஸ்.எம்.பி.எஸ்ஸைத்தான் முதலில், தனியாக, கிராபிக்ஸ் கார்டு கரண்ட் இழுக்கிற பன்னிரண்டு வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் தரும் என்று பார்த்து வாங்குகிறேன். டி.வி.டி. கைமாறும்வரை கேசட்டை அழிப்பதில்லை. மேசையை மட்டும் பழையபடி திருப்பிப் போடவில்லை. என் லட்சணம் எனக்கு மறக்காமல் இருக்க அது கிழக்கு பார்த்தே கிடக்கட்டும்.