கதிரேசுவின் காலில் ஓடிய சைக்கிள்

1. கரண்ட் நின்ற பிறகு

சண்டையால் கரண்ட் நின்ற அன்று என் மேசையில் ஒரு தண்ணீர்ப் பம்ப் மோட்டர் பாதி கம்பி சுற்றியபடி கிடந்தது. நாளைக்கு வரும், நாளையின்றைக்கு வரும் என்று அதைச் சாக்கால் மூடி வைத்தேன். வரவில்லை. மின்நிலையம் இருக்கிற சுன்னாகத்திலேயே விளக்கு எரியாத காலம் அது.

பிள்ளைகளே, அதுவரை வெங்காயத் தோட்டக்காரரின் மோட்டர்களுக்குக் கம்பி சுற்றித்தான் நம் வீட்டில் உலை வைத்தோம். கரண்ட் போனதும் தோட்டக்காரர் துலாவுக்குத் திரும்பினார்கள். கிணற்றின் மேலே கிடக்கும் நீள மரத்தில் ஏறி, முன்னும் பின்னும் நடந்து தண்ணீர் இறைப்பதைத்தான் துலா மிதிப்பது என்போம். நான் சைக்கிள் திருத்தத் தொடங்கினேன்.

அப்போதுதான் மிட்வைஃப் ஞானமணி அக்கா தன் பழைய சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். மேற்கே வயல்வெளிக்கு அப்பால் உள்ள குடிமனைகளில் பிள்ளைப்பேறு பார்ப்பவர் அவர் ஒருவர்தான்.

"தம்பி, முழங்கால் ஏலாமல் போச்சு. சோளகக் காத்து எதிர்க்க அடிக்கேக்கை பெடலை அமத்த ஏலுதில்லை. நான் போய்ச் சேரமுன்னம் பிள்ளை பிறந்திடும் போல கிடக்கு."

"அக்கா, ஒரு மோட்டர் பூட்டி விடட்டே?"

"கரண்ட் இல்லாத ஊரிலை மோட்டரோ? உனக்கென்ன விசரே?"

"விசர்தான் அக்கா. சைக்கிளை விட்டிட்டுப் போங்கோ."

மோட்டர்க்காரனிடம் நோவைச் சொன்னால் அவனுக்கு மோட்டர்தான் ஞாபகம் வரும்.

2. பூட்டியது

பெற்றோல் இல்லாமல் கல்லில் ஏற்றி வைத்திருந்த கார்களில் இருந்து இரண்டு டைனமோவும் ஒரு பற்றறியும் கிடைத்தன. சுற்றினால் கரண்ட் தருகிற டைனமோ, கரண்ட் கொடுத்தால் சுற்றும். ஒன்றைப் பின்சில்லுக்கு மேலே பூட்டினேன். அதன் அச்சில் இறுக்கிய இரும்பு உருளை ரயரை உரசிச் சில்லை உருட்டும். வேண்டாத நேரம் தூக்கிவிட ஒரு நெம்புகோல் வைத்தேன். பற்றறி கரியரில். ஒழுங்கையில் ஓட்டிப் பார்த்தபோது சைக்கிள் மிதிக்காமலே போனது. அன்று எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் ஒரு மாதிரித்தான் இருக்கிறது.

பற்றறியைச் சார்ஜ் பண்ண இன்னொரு சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, ரயரைக் கழற்றிய பின்சில்லுக்குப் பெல்ட் போட்டு மற்ற டைனமோவைப் பூட்டினேன். யாராவது ஏறி மிதிக்க வேண்டும். மேற்குப் பக்கத்தில் எந்த வீட்டில் பிள்ளை பிறக்க இருக்கிறதோ, அந்த வீட்டு ஆண் வந்து மிதிப்பது என்று அவர்களாகவே ஒழுங்கு செய்துகொண்டார்கள்.

சோளகம் பலத்தபோது முறை கதிரேசுவுக்கு வந்தது. காலையில் துலா மிதித்துவிட்டுப் பின்னேரம் வருவான்.

"அண்ணை, உந்த மிதிக்கு நடந்திருந்தால் நான் இப்ப கதிர்காமம் போய்ச் சேந்திருப்பன்."

"கதையை விட்டிட்டு மிதி. மீற்றர் முள்ளு இறங்குது."

3. அக்கா கேட்ட கணக்கு

பற்றறி எப்படிச் சார்ஜ் ஆகிறது என்று அக்கா கேட்டதில்லை. எங்கோ மண்ணெண்ணெய் எஞ்சின் இருக்கிறது என்று நினைத்திருந்தாராம். ஒருநாள் பற்றறி எடுக்க வழக்கத்தை விட வேளைக்கு வந்துவிட்டார்.

"ஆர் உது? கதிரேசுவே? ரயரில்லாத சைக்கிளிலை எங்கை போறாய்?"

"உங்களுக்குக் கரண்ட் காய்ச்சுறன் அக்கா."

அக்கா சிரித்தார். கதிரேசு இறங்கினான். கால் நடுங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அக்காவின் சிரிப்பு நின்றுபோனது.

"எவ்வளவு நேரம் மிதிச்சவன்?" என்று என்னைக் கேட்டார்.

"ஒரு மணித்தியாலம் இருக்கும்."

"அதிலை நான் எவ்வளவு நேரம் ஓடுவன்?"

"காத்து எதிர்த்தால் பத்து நிமிசம் அக்கா."

"அப்ப இது கரண்டிலை ஓடேல்லைத் தம்பி. உவன்ரை காலிலை ஓடுது. கழட்டு."

"கழட்டாதேங்கோ அண்ணை," என்றான் கதிரேசு. "என்ரை மனிசிக்கு இதுதான் மாதம்."

"அதுக்குத்தான் சொல்லுறன். மனிசி வயித்துக்குத்தெண்டு துடிக்கேக்கை, கால் நடுங்கிற புருசன் என்னத்துக்கு உதவுவான்? உருட்டிக்கொண்டெண்டாலும் நான் வருவன்."

கழற்றினேன். அக்கா சொன்னபடி உருட்டிக்கொண்டே போனார். கதிரேசுவுக்குப் பெண் பிள்ளை, சுகமாகப் பிறந்தது. ஆனால் அடுத்த சோளகத்துக்குள் அக்காவின் முழங்கால் முற்றாக விட்டுவிட்டது. தான் வேலை செய்யும் கிளினிக்கை விட்டு அவரால் வெளியே போக முடியவில்லை. பிறகு, மேற்குப் பக்கத்துப் பெண்கள் மாட்டுவண்டிலில்தான் வர வேண்டியிருந்தது. கதிரேசுவின் இரண்டாவது பிள்ளை அந்த வண்டிலில், வயல்வெளி நடுவில் பிறந்தது. கிளினிக் வந்து சேரும்போது உயிர் இல்லை.

4. சின்னச் செயின் வீல்

சில வருடங்களின் பின், சண்டை நெருங்கி, ஊரோடு இடம்பெயர்ந்து சாவகச்சேரிப் பக்கம் வந்து, தெருவோரம் சைக்கிள் திருத்திக்கொண்டிருந்தேன். கதிரேசு வந்தான். முன்பாரில் மூத்த மகள், கரியரில் மூட்டைகள். பெடலோடு இருக்கிற செயின் வீலின் பற்கள் உடைந்துபோயிருந்தன. என்னிடம் பெரிய செயின் வீல் இல்லை. சின்னப் பிள்ளைகளின் சைக்கிளில் கழற்றிய ஒன்றுதான் இருந்தது. வேறு வழியில்லாமல் அதைப் பூட்டி, செயினில் சில கண்ணிகளைக் கழற்றினேன்.

அவன் அவ்வளவு பாரத்தோடும் எதிர்க்காற்றில் சைக்கிளில் ஓடிப்போய்த் திரும்பி வந்தான்.

"மெதுவாய்த்தான் போகுது. ஆனால் காலுக்குப் பாரமே தெரியேல்லை அண்ணை," என்றான். பிறகு செயின் வீலைக் குனிந்து பார்த்தான். "அக்கான்ரை சைக்கிளுக்கும் இது பொருந்துமே?"

"ஓம்," என்றேன்.

அக்கா சைக்கிளைக் கொண்டுவந்த அன்றே சுன்னாகத்தில் என் பட்டறைச் சுவரில் இதுபோல் இரண்டு தொங்கின. அரை மணித்தியால வேலை. பற்றறி வேண்டாம், யாரும் மிதித்துக் கொடுக்கவும் வேண்டாம்.

இப்போது யாராவது சைக்கிளைக் கொண்டுவந்து நோவைச் சொன்னால், "ஏறி ஒருக்கா ஓடிக் காட்டுங்கோ" என்கிறேன். எந்த இடத்தில் முகம் சுளிக்கிறார்கள் என்று பார்த்த பிறகுதான் ஸ்பனரை எடுக்கிறேன். பிள்ளைகளே, நீங்கள் எந்தத் தொழிலுக்குப் போனாலும் அப்படிச் செய்யுங்கள். ஞானமணி அக்காவை ஓடிக் காட்டச் சொல்லி நான் ஒருநாளும் கேட்கவில்லை.