கூடையில்லாத முதுகு

மகள் கொழும்புக்கு வேலைக்குப் போனதிலிருந்து மனைவி அதிகம் பேசுவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் வேலை செய்யும் ஹோட்டலின் கயாக் படகைக் கேட்டு வாங்கி, அவளை முன்னால் உட்காரவைத்து, காசல்ரீ நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்கப் போனேன். தேயிலை மலைகள் தலைகீழாய்க் கிடந்த தண்ணீரில் மெல்லத் துடுப்புப் போட்டேன்.

வெயில் ஏறும்போது தூண்டில் இழுத்தது. உள்ளங்கையளவு திலாப்பியா. தூண்டில் முள்ளைக் கழற்றியவள், இருபது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்த பழக்கத்தில், திரும்பிப் பாராமல் மீனைத் தோளுக்குப் பின்னால் வீசினாள். முதுகில் கூடையில்லை. மீன் என் மடியில் விழுந்து, துள்ளி, தண்ணீருக்குள் போய்விட்டது.

"என்ன புள்ள, கொழுந்துன்னு நெனச்சியா?"

"பின்னால சும்மாதான உக்காந்திருக்கீங்க, புடிக்க வேணாமா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கயாக்கே ஆடியது.

கரையேறியதும் அவளே மகளுக்கு ஃபோன் எடுத்தாள்.

"ஒங்கப்பா எவ்ளோ பெரிய மீன விட்டுட்டாரு தெரியுமா?"