அளவான புகார்

“எழுதுங்க பெரியவரே. ‘டாக்டர் சிரிக்கிறதே இல்லை.’ எழுதியாச்சா? கீழே தேதி போடுங்க.”

பெரியவர் பேனாவை உதறுகிறார். “இப்பக்கூட சிரிச்சாரேம்மா. என் பல்செட்டைக் கையில வாங்கிப் பார்த்துட்டு...”

“சிரிச்சது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மேல இருக்கிறவங்களுக்கு எதுக்குத் தெரியணும்? எழுதுங்க.”

பெரியவர் எழுதுகிறார். பெரிய சிஸ்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எழுத்தைச் சரிபார்த்து, அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிறார். வாரத்துக்கு ஒரு புகார். திங்கட்கிழமை காலையில் யார் முதலில் வருகிறாரோ அவர் தலையில் அது விழும்.

பெரிய சிஸ்டர் என்று பெயரே தவிர, சின்ன சிஸ்டர் என்று ஒருவர் அந்த ஆஸ்பத்திரியில் இருந்ததே இல்லை. பேருந்து வந்து திரும்பும் கடைசி இடம் அது. அதற்கு மேல் ஒற்றையடிப் பாதைதான். ஆறு கட்டில், ஒரு நீளமான பெஞ்சு, கதவு சாத்தினால் திறக்காத, திறந்தால் சாத்தாத ஒரு மருந்து அலமாரி. அலமாரிக்கு மட்டும் தெரிந்த ஓர் இடத்தில் முழங்கையால் இடித்தால் வழிக்கு வரும். அந்த இடம் சிஸ்டருக்கும் தெரியும். இருபத்தாறு வருடமாக இடிக்கிறார்.

அந்த இருபத்தாறு வருடத்தில் ஏழு டாக்டர்களை வழியனுப்பியிருக்கிறார். முதலாமவர் தங்கமான மனிதர். ஊரே கையெழுத்துப் போட்டு மேலிடத்துக்கு நன்றிக் கடிதம் எழுதியது. ‘இவ்வளவு நல்லவரை அங்கே எதற்கு வைத்திருக்கிறோம்?’ என்று நாற்பதே நாளில் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்றாமவரைப் பற்றிப் பத்திரிகையில் நாலு வரி வந்தது, அவரும் போனார். சரி, திட்டிப் பார்ப்போம் என்று ஆறாமவரைப் பற்றி ஒருவர் கொஞ்சம் காரமாக எழுதிவிட்டார். விசாரணை என்று ஒரு ஜீப் வந்தது. போகும்போது டாக்டரையும் ஏற்றிக்கொண்டு போனது.

“புகழ்ந்தா பிடுங்கிக்குவாங்க, ரொம்பத் திட்டினா தூக்கிடுவாங்க” என்பார் சிஸ்டர். “புகாரும் மருந்து மாதிரிதான். அளவு முக்கியம்.”

ஆகவே அளந்து கொடுக்கிறார். ‘டாக்டர் கையெழுத்து புரியவில்லை’, ‘டாக்டர் ஊசி போடச் சொன்னால் போடுவதில்லை’, ‘டாக்டர் வேகமாகப் பேசுகிறார்.’ விசாரணைக்கும் தேறாது, பாராட்டுக்கும் உதவாது. இது எல்லாருக்கும் வேடிக்கை. சிஸ்டருக்கு மட்டும் இல்லை. ஆறாமவர் போனபின் எட்டு மாதம் டாக்டர் நாற்காலி காலியாகக் கிடந்தது. அந்த எட்டு மாதத்தில் ஒரு பிரசவம் அவர் கையை மீறிப் போய்விட்டது. அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசுவதில்லை. அந்தப் பெண்ணின் அம்மா மாத்திரை வாங்க வரும்போது மட்டும் எழுந்து நின்று கொடுப்பார்.

வீட்டிலும் இதே வைத்தியம்தான். அவருடைய கணவர் தச்சர். “முப்பது வருஷமாச்சு, இவ வாயால எனக்கு ஒரு நல்ல வார்த்தை வந்ததில்ல. நானும் எங்கயும் போகல பாருங்க” என்று பெஞ்சுக்கு ஆணி அடிக்க வரும்போதெல்லாம் சொல்வார். சிஸ்டர் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இப்போது இருப்பவர் எட்டாவது டாக்டர். ஒல்லி. நின்றுகொண்டே சாப்பிடுவார். செருப்பு வார் அறுந்தால் பிளாஸ்டர் போட்டு ஒட்டிக்கொள்வார். வந்து நாலு வருடம் ஆகிறது. இது அங்கே சாதனை. மாதக் கடைசியில் புகார்ப் புத்தகத்தின் நகலை மேலே அனுப்ப வேண்டும். அனுப்புமுன் டாக்டர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். மற்ற டாக்டர்கள் மூடிய புத்தகத்திலேயே கையெழுத்துப் போடக்கூடியவர்கள். இவர் ஒரு வரி விடாமல் படிப்பார் என்பதைச் சிஸ்டர் கவனித்திருக்க வேண்டும். அங்கேதான் கோட்டை விட்டார்.

குட்டையைக் குழப்பியது சாலை அளக்க வந்த ஒரு சர்வேயர். பள்ளத்தில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். டாக்டர் இரண்டு மணி நேரம் நடந்துபோய், கட்டையும் துணியும் வைத்துக் கட்டி, நாலு பேரை வைத்துத் தூக்கிவந்து காப்பாற்றினார். அந்த மனிதர் ஊர் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக, எட்டாத ஊர்களில் சிறந்த பணி செய்யும் மருத்துவர்களுக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் விருதுக்கு டாக்டர் பெயரை எழுதிப் போட்டுவிட்டார். பெயர் இறுதிப் பட்டியலில் வந்திருக்கிறது, தேர்வுக் குழு நேரில் வரும் என்று தபால் வந்தது.

“நன்றி கெட்ட ஜென்மம்!” என்றார் சிஸ்டர். “காலைக் காப்பாத்தினவருக்கு இப்படியா பண்ணுவாங்க?”

குழு வந்த நாளில் பெஞ்சு நிறைய ஆட்கள். எல்லாருக்கும் முதல் நாளே பாடம் நடந்திருந்தது. டை கட்டிய ஒருவரும் நரைத்த தலையோடு ஓர் அம்மாளும் வந்திருந்தார்கள். டை கட்டியவர் பெஞ்சின் ஒரு முனையிலிருந்து கேட்டுக்கொண்டு வந்தார்.

“டாக்டர் எப்படி?”

“டாக்டர் சிரிக்கிறதே இல்லை.”

“நீங்க சொல்லுங்க.”

“டாக்டர் சிரிக்கிறதே இல்லை.”

மூன்றாவது ஆளும் வாய்ப்பாடு ஒப்பித்தார். நாலாவதாக இருந்த பாட்டி திருதிருவென்று விழித்து, சிஸ்டர் பக்கம் திரும்பி, “எனக்கு என்ன குறை குடுத்தீங்க? மறந்துபோச்சே” என்றார்.

நரைத்த தலை அம்மாள் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குள் டாக்டர் உள்ளேயிருந்து வந்தார். கையில் மடித்த தாள் ஒன்று.

“அவங்களைத் தொந்தரவு பண்ணாதீங்க. சொல்றது நிஜம்தான்” என்றார். “நாலு வருஷமா புகார்ப் புத்தகம் படிக்கிறேன். சிரிக்கிறதில்லைன்னாங்க, கண்ணாடி முன்னால நின்னு பழகினேன். வேகமாப் பேசறேன்னாங்க, நிறுத்தி நிறுத்திப் பேசினேன். என்ன பண்ணியும் வாரம் தவறாம ஒண்ணு வருது. என்னால இவங்களுக்குத் திருப்தி இல்ல. மாறுதல் கேட்டுப் போன மாசமே எழுதி வச்சுட்டேன். நீங்களே கொண்டு போயிடுங்க.”

தாளை நீட்டினார். கண்ணாடி முன்னால் பழகிய சிரிப்பையும் சேர்த்து நீட்டினார். பார்க்கச் சகிக்கவில்லை.

சிஸ்டரின் கையிலிருந்த டோக்கன் கட்டு கீழே விழுந்து சிதறியது. ஏழு பேரை ஊர் புகழ்ந்தும் திட்டியும் விரட்டியது. எட்டாமவரை அவரே, வாரம் ஒரு வேளையாக, விரட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். 

“அத்தனையும் நான் சொல்லி எழுதினது” என்றார். “இவங்க மேல தப்பில்ல. இருநூத்திச் சொச்சம் புகார் இருக்கும், எல்லாம் என்னோடது. கையெழுத்து புரியலைங்கிறது மட்டும் நிஜம்.”

“அது நிஜம்தான்” என்றது பெஞ்சு.

“எதுக்கும்மா இப்படி?” என்றார் டை கட்டியவர்.

சிஸ்டர் ஏழு டாக்டர்களின் கதையையும் சொன்னார். பிறகு எட்டாமவருடைய கதையை ஆரம்பித்தார். நாலு வருடமாக வாயைக் கட்டி வைத்திருந்தவர். அணை உடைந்தால் நிற்குமா? மழையில் மேல் குடியிருப்புக்கு நடந்தது, பாம்பு கடித்தவன் தலைமாட்டில் உட்கார்ந்தபடியே தூங்கியது, தடுப்பூசிப் பெட்டியைத் தலையில் சுமந்தது, ஊசிக்கு அழும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து தானும் அழுவதுபோல நடிப்பது எல்லாம் வந்தது. “இவர் வந்ததுக்கு அப்புறம் இங்க ஒரு பிரசவம்கூடக் கை மீறிப் போனதில்ல” என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. பெஞ்சில் ஒருவர் எழுந்து அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்.

டாக்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

“அப்ப விருது கொடுக்கலாம்கிறீங்க?” என்று கேட்டார் நரைத்த தலை அம்மாள்.

“தாராளமாக் குடுங்க. ஆனா ஆளைத் திருப்பிக் குடுத்துடுங்க.”

டாக்டர் மடித்த தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு அதைக் கிழித்தாரா, பத்திரப்படுத்தினாரா என்று சிஸ்டருக்குத் தெரியாது. கேட்கலாம்தான். கேட்டு வேறு பதில் வந்துவிட்டால்? ஊருக்கெல்லாம் ஊசி போடுகிறவர் இதற்குப் பயந்துவிட்டார்.

விருது கிடைத்துவிட்டது. அதை வாங்க டாக்டர் நகரத்துக்குப் புறப்பட்ட காலையில் பெஞ்சில் இடமில்லை. ஒருவருக்கும் காய்ச்சல் கிடையாது, வயிற்றுவலி கிடையாது, சும்மா வந்திருந்தார்கள். பேருந்து திரும்பி நின்று ஹார்ன் அடித்தது.

“ரெண்டு நாள்ல வந்துடறேன் சிஸ்டர்.”

ஏழு பேரும் இப்படித்தான் ஏதோ ஒரு கணக்குச் சொன்னார்கள். ஆனால் அவர்கள் பை கனத்தது. “குடுங்க, நான் ஏத்தறேன்” என்று சிஸ்டர், டாக்டர் கையிலிருந்த பையை வெடுக்கென்று பிடுங்கினார். “ஐயோ, எதுக்கு சிஸ்டர்” என்று டாக்டர் பின்னாலேயே ஓடினார்.

சிஸ்டர் படிக்கட்டருகே நின்று, எடைக்கருவி ரிப்பேரான நாட்களில் பிறந்த குழந்தைகளைத் தூக்கிப் பார்ப்பாரே, அப்படிப் பையை ஒருமுறை தூக்கி இறக்கினார். சந்தேகம் தீரவில்லை; இன்னொரு முறை தூக்கினார். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். பையை உள்ளே வைத்துவிட்டு, அவர்கள் பக்கம் திரும்பி, இரண்டு விரலை உயர்த்திக் காட்டினார்.