மேலெழுதிய கையெழுத்து

நவம்பர் இரண்டாம் தேதி, காலை 5.40. கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலைப் பேருந்தில் ஏறி, செஞ்சிக்கு டிக்கெட் கேட்டேன். "கோட்டை பாக்கவா சார்?" என்றார் நடத்துநர். தலையை ஆட்டி வைத்தேன். ஒரு பழைய கடிதத்தைப் பார்க்க இவ்வளவு தூரம் போகிறேன் என்றால் யார் நம்புவார்கள்? என் மனைவியே நம்பவில்லை.

நாடு விடுதலையாகி அரசியல் சட்டம் எழுதிய அந்தச் சில வருடங்களின் தலைவர்கள் கையெழுத்திட்ட கடிதங்களைச் சேர்ப்பது என் பைத்தியம். இருபத்திரண்டு வருடத்தில் நாற்பத்தொன்று சேர்ந்திருக்கின்றன. சட்டம் எழுதிய சபையில் நம் பக்கத்திலிருந்து போய் உட்கார்ந்த ஒருவருடையது மட்டும் அகப்படவே இல்லை. அவர் பெயரையும் நான் போன ஊரின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் என்னைப் போல நாலு கிறுக்கர்கள் மறுநாளே அந்த வீட்டு வாசலில் நிற்பார்கள்.

எங்கள் தெரு வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர்தான், "இது எங்க வூட்ல இருக்குது சார்" என்று தன் கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். அவருடைய அம்மாவின் அப்பாவுக்கு வந்த கடிதமாம். கையெழுத்து நேற்றுப் போட்டதுபோலப் பளிச்சென்று இருந்தது. எத்தனை வருடமாகியும் மங்கவில்லையே என்று குதித்தேன். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அவருடைய அம்மா லூர்துமேரி, சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், போனில் என்னிடம் கறாராகப் பேசினார். "ஒரு கண்காட்சியில வெச்சப்ப இது போலின்னு சொல்லி எடுக்க வெச்சிட்டாங்க சார். எங்க நைனா பொய்யா எழுதி வெச்சிக்னாருன்னு ஊர்ல பேச்சு. நீங்க வந்து பாத்துச் சொல்லுங்க. பொய்யின்னா நீங்களே எடுத்துக்னு போயிடுங்க, எனக்கு வாணாம். நெசம்னா யாருக்கும் தரமாட்டேன்."

9.15. செஞ்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே நாலு இட்லி தின்றுவிட்டு ஆட்டோ பிடித்தேன். வல்லம் தாண்டி உள்ளே, பதினான்கு கிலோமீட்டர், 350 ரூபாய். "அங்க இன்னா சார் இருக்குது பாக்கறதுக்கு?" என்று ஓட்டுநர் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். மலைகள் பின்னால் போக, இருபக்கமும் நெல்லும் மணிலாக் கடலையும் வந்தன.

பத்து மணிக்கு வீடு பூட்டிக் கிடந்தது. "இன்னிக்குக் கல்லறைத் திருநாளு சார், அல்லாரும் அங்கதான்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். ஊர்க்கோடிக் கல்லறைத் தோட்டத்தில் எல்லாக் கல்லறைக்கும் புதுச் சுண்ணாம்பு, சாமந்தி, மெழுகுவத்தி. லூர்துமேரி தன் தந்தையின் சிலுவைமுன் மண்டியிட்டு, மங்கிப்போன பெயரின் மேல் கறுப்பு பெயின்டால் எழுதிக்கொண்டிருந்தார். பழைய கோடுகளை விட்டு மயிரிழைகூட விலகாத கை. "ஒக்காருங்க சார், இன்னும் ரெண்டு எழுத்துதான்" என்றார்.

11.00. வீட்டில் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிக் கடிதத்தை என் கையில் கொடுத்தார். கையெழுத்தின் மேல் பால்பென்னால் எழுதியிருந்தது. அந்தக் காலத்தில் இங்கே புழங்காத பேனா; கண்காட்சியில் போலி என்றது இதனால்தான்.

"மேல எழுதினது யாருங்கம்மா?"

"நான்தான். வருசா வருசம் இந்த நாள்ல கல்லறையில நைனா பேரு, வூட்ல இவரு பேரு. பேரை மங்க வுடலாமா சார்? தப்புங்களா?"

கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. கடிதம் சேர்க்கும் எங்களுக்கு இது கொலைக்குச் சமம். இந்த வீட்டில் இது மரியாதை.

"இன்னா எழுதியிருக்குன்னு தெரியுமா சார்?" என்று கடிதத்தைப் பார்க்காமலே சொல்லத் தொடங்கினார். பள்ளிக்கூடப் பானையில் எங்கள் பிள்ளைகளைத் தண்ணீர் மொள்ள விடுவதில்லை, புதுச் சட்டத்தில் இதற்கு வழி உண்டா என்று அவர் தந்தை கேட்டிருக்கிறார். பதில் நாலே வரி. 'உங்கள் கேள்வி நியாயமானது. வழி உண்டாகும். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடாதீர்கள். நானும் அப்படி ஒரு பள்ளியில் படித்தவன்தான்.' ஒரு எழுத்துப் பிசகவில்லை. "அத்த படிச்சிட்டுத்தான் எங்க நைனா எங்க அஞ்சு பேரையும் படிக்க வெச்சாரு."

டீ போட உள்ளே போனார். கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். அந்தக் காலத்து மை மெல்ல மெல்லத் தாளைத் தின்று பின்பக்கம் வந்துவிடும். பால்பென் மை வராது. பின்பக்கம் துருநிறத்தில் அந்தக் கையெழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல இடம்வலம் மாறி முழுதாக நின்றது. கடைசி எழுத்தின் வாலை இழுத்து அந்தத் தலைவர் வைப்பதாக நான் அச்சுப் படங்களில் பார்த்திருந்த புள்ளி, முன்பக்கம் மங்கி லூர்துமேரி எழுதாமல் விட்ட புள்ளி, அங்கே இருந்தது. சந்தேகமே இல்லை, அவருடையதுதான்.

அந்த டீ கொதிக்கும் நேரத்தில் நான் யோசித்ததை மறைக்க மாட்டேன். 'போலி' என்று ஒரு சொல் சொன்னால் போதும், இருபத்திரண்டு வருடத் தேடல் என் பைக்குள் வந்துவிடும். யாருக்கும் தெரியாது. டம்ளரோடு வந்தவர் என் முகத்தையே பார்த்தார்.

"நெசந்தாம்மா" என்றேன். என் வாயிலும் அவர் பேச்சே வந்தது. புள்ளியைக் காட்டினேன்.

அவர் அழவில்லை. வாசலுக்குப் போய், "அடியே, எங்க நைனா பொய் சொல்லலடி!" என்று எதிர்வீட்டைப் பார்த்துக் கத்தினார். திரும்பி வந்து, கடிதத்தின் பின்பக்கம் வெளியே தெரியும்படி சட்டத்தில் போட்டு மாட்டினார். "இனிமே இப்டியே இருக்கட்டும். மேல எழுத வாணாம்ல?"

"வேணாம்மா" என்றேன்.

கிளம்பும்போது, "உங்ககிட்ட எவ்ளோ கடுதாசி சார் இருக்குது?" என்றார். நாற்பத்தொன்று என்றேன், கொஞ்சம் பெருமையாக. யார் யாருடையது என்று அடுக்கினேன்.

"அது சரி சார். அதெல்லாம் யாருக்கு வந்தது?"

செஞ்சியிலிருந்து திண்டிவனம் வரும்வரை பேருந்தில் விரல்விட்டு யோசித்தேன். மூன்று பெயர்கள்தான் நினைவுக்கு வந்தன. வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை, சென்னையில், பூட்டிய அலமாரியைத் திறந்து முதல் ஆல்பத்தை எடுத்தேன். ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கடிதத்திலும் 'அன்புள்ள' என்பதற்குப் பிறகு இருந்த பெயரை எழுதத் தொடங்கினேன்.