ஜெர்மனியில் கேட்ட வெடி

எங்கள் சிவகாசி அச்சகத்துக்கு ஜெர்மன் இயந்திரம் வந்ததால், அந்த மொழி படிக்க என்னை ஜெர்மனிக்கே கோடை வகுப்புக்கு அனுப்பினார்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்கு நடுவே, தலைக்குச் சாயமடித்த ஒரே மாணவன் நான்.

முதல் நாள் காலை வகுப்பு நடக்கும்போது, பக்கத்துத் தெருத் திருவிழாவில் டமாரென்று ஒரு வெடி. உடனே ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் மனைவிக்குப் போன் போட்டேன். சத்தம் கேட்டால், ஆலையில் விபத்தோ என்று எங்கள் பக்கம் எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான். வகுப்பே சிரித்தது. "இங்கே பயமில்லை, அந்தப் பழக்கத்தை விடுங்கள்" என்றார், காரணத்தைக் கேட்டுக்கொண்ட ஆசிரியை.

மனைவி போனை எடுக்கவில்லை; கம்பெனி வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். சாப்பாட்டு நேரத்தில்தான் அவள் கூப்பிட்டாள்.

"ஏங்க, அங்கன வெடிச்சதுக்கு எனக்கு எதுக்குப் போன் போட்டீக?"

"கை தானாப் போயிருச்சு. பிள்ளைக எல்லாம் சிரிக்குதுக" என்றேன்.

"சிரிச்சா சிரிக்கட்டும். நீங்க போடுங்க."

மறுநாளும் வெடித்தது. எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று போன் போட்டேன். ஜெர்மன் எனக்கு வரலாம், வராமலும் போகலாம். இந்தப் பழக்கம் போகாது.