பாலத்தடியில் பத்து மணி

மலைமேல் இருக்கும் பழைய ஊர்களை எனக்குப் பிடிக்காது. அழகாகத்தான் இருக்கும், ஆனால் அவற்றைக் கட்டியவர்கள் எவரும் சக்கர நாற்காலி தள்ளியிருக்க மாட்டார்கள். நான் தள்ளியிருக்கிறேன். பிரான்சில் தோர்தோன் என்ற ஆற்றின் இரு கரைகளிலும் உள்ள ஊர்களில், ஓகஸ்ட் வெயிலில், ஒரு கனத்த சிசிலிக் கிழவரை இருத்தித் தள்ளியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. சிசிலியின் பலெர்மோவில், சினியோரா என்று நான் அழைக்கும் ஓர் இத்தாலிய எசமானியின் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தேன். சமையல், துப்புரவு, துணி அழுத்துவது, அதோடு அவருடைய மாமனாரைக் கவனிப்பது. கிழவருக்கு வாதம் வந்து உடம்பில் ஒரு பக்கம் வழங்காது. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. அந்தக் கோடையில் சினியோராவுக்குப் பிரான்ஸ் ஆசை பிடித்துக்கொண்டது. வழிகாட்டிப் புத்தகம் ஒன்றை வாங்கி, இடைக்கால ஊர்கள், கோட்டைகள், குகைகள், வள்ளம் ஓட்டும் இடங்கள் என்று பக்கம் பக்கமாகக் கோடு போட்டார். கிழவரை விட்டுவிட்டுப் போக முடியாது. ஆகவே கிழவரோடு நானும். எனக்கும் அது விடுமுறைதான் என்று பலதரம் சொன்னார்.

நான் சந்தோஷமாகத்தான் தலையாட்டினேன். காரணம் அக்கா. அவள் பாரிசில் இருந்தாள். அவள் நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது நான் பள்ளிக்கூடப் பொடியன். அதற்குப் பிறகு அவளைக் கண்ணால் காணவில்லை. அவளுடைய அகதி வழக்குத் தள்ளுபடியாகி, மேல்முறையீட்டில் இழுபட்டுக்கொண்டிருந்தது. பிரான்சை விட்டு அவள் அசைய முடியாது. என்னிடம் பெர்மெஸ்ஸோ இருந்தது. இத்தாலியில் வசிக்கும் அந்த அனுமதியை வைத்துக்கொண்டு விசா இல்லாமல் பிரான்சுக்குள் போகலாம் என்று அப்போதுதான் சட்டம் வந்திருந்தது.

ஆனால் பாரிஸ் எங்கே, அந்த ஆறு எங்கே! வரைபடத்தைப் பார்த்ததும் எனக்கு மனம் விட்டுப்போனது. சினியோரா ஒரு நாள்கூட விடுப்புத் தரமாட்டார். அக்கா மட்டும் விடவில்லை. ஓகஸ்டில் பாரிஸ் தமிழ்ச் சனம் தெற்கே இருக்கும் லூர்து மாதாவிடம் பஸ் பிடித்துப் போகும், சைவக்காரரும் ஏறிக்கொள்வார்கள். அந்த பஸ் போகும் பெருந்தெரு, நாங்கள் தங்கப்போகும் இடத்துக்குப் பக்கத்தில்தான் ஆற்றைக் கடந்தது. ஒழுங்கு செய்பவரிடம் கெஞ்சிக் கூத்தாடி, காலைச் சாப்பாட்டுக்குப் பாலத்தடியில் நிறுத்தச் சம்மதம் வாங்கிவிட்டாள்.

"பத்து மணிக்கு நிக்கும். அரை மணித்தியாலம்தான் தருவினமாம். பிந்திப்போடாதை," என்றாள் தொலைபேசியில்.

"எங்கட ஆக்கள்ர பஸ் பத்துக்கு வந்திட்டாலும்!"

"பகிடி விடாதை. சொன்ன நேரத்துக்கு வந்து நில்."

"ஓம் அக்கா, வாறன்."

கப்பலில் ஜெனோவா, அங்கிருந்து காரில் இரண்டு நாள். பிறகு தொடங்கியது என் விடுமுறை. தேன் நிறக் கல்வீடுகள், செங்குத்தான ஒழுங்கைகள், உருண்டைக் கற்கள் பாவிய தெருக்கள். ஒவ்வொரு கல்லிலும் நாற்காலியின் சின்னச் சில்லு சிக்கும். நான் தூக்குவேன், கிழவர் சத்தம் போடுவார், சினியோரா புத்தகத்தை விரித்து எந்தப் பிரபு எந்தக் கோபுரத்திலிருந்து யாரைத் தள்ளிவிட்டான் என்று வாசிப்பார். எனக்கு அந்தப் பிரபுவின் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் பட்டது. குகைக்குள் போனால் கிழவருக்கு முழங்கால் குளிரும். வெளியே வந்தால் வெயில் சுடும். ஒரு ஊர் முடிந்ததென்று மூச்சு விட்டால் எதிர்க்கரை மலையில் இன்னொன்று இருக்கும்.

கடைசியில் அக்கா வரும் நாள் வந்தது. எத்தனை மணிக்கு உன் சகோதரி வருகிறாள் என்று முதல்நாளே சினியோரா கேட்டிருந்தார். பன்னிரண்டு என்று சொல்லிவிட்டேன். எங்கள் சனத்தை அறிந்தவன் எவனும் அப்படித்தான் சொல்லியிருப்பான். ஒருமுறை பலெர்மோத் தமிழ்ச் சனமெல்லாம் ஒரேத்தோவிலிருந்து ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரைக்குப் பஸ் பிடித்தபோது எட்டு மணி என்றார்கள். யாரோ சோற்றுப் பானையை வீட்டில் மறந்துவிட்டு வர, மதியம் ஆகப்போகும்போதுதான் பஸ் எடுத்தது. பலெர்மோவுக்குள்ளேயே இந்தச் சீர் என்றால், பாரிசிலிருந்து செபமாலை சொல்லிக்கொண்டு வரும் பஸ் எப்படிப் பத்துக்கு வரும்? பத்துக்குக் கேட்டு அனுமதி வாங்கினால், வெறுமனே இரண்டு மணித்தியாலம் தெருவில் நின்றதற்குச் சினியோராவிடம் பேச்சு வாங்க வேண்டும் என்று நினைத்தேன்.

"அப்படியென்றால் காலை வீணாகவில்லை," என்றார் சினியோரா. அவரும் கணவரும் வள்ளத்தில் ஆற்றோடு இறங்குவார்கள். நான் பாலத்துக்கு மேலே இருக்கும் ஊரைக் கிழவருக்குக் காட்டிவிட்டுப் பன்னிரண்டுக்குக் கீழே வரலாம். சிவப்பு மிதவைச் சட்டைகளை மாட்டிக்கொண்டு இருவரும் புறப்பட்டார்கள். நான் மேலே தள்ளினேன்.

கோயில் முன்றிலில் ஒரு கைப்பிடிச்சுவர். அங்கிருந்து ஆறு, வள்ளங்கள், பாலம் எல்லாம் தெரியும். மணி பத்து. பாலத்தடியில் ஒரு வெள்ளை பஸ் வந்து நின்றது.

முதலில் யாரோ வெள்ளைக்காரச் சுற்றுலாக் கூட்டம் என்றுதான் நினைத்தேன். பிறகு சேலைகள் இறங்கின. ஒருவர் போத்தல் தண்ணீரில் வாய் கொப்பளித்தார். ஒரு பெண் மட்டும் கூட்டத்தை விட்டு விலகி, தெருவின் நடுவில் போய் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"அக்கா!" என்று கத்தினேன். முன்றிலில் நின்றவர்கள்தான் திரும்பிப் பார்த்தார்கள். நாற்காலியைப் பிடித்துத் திருப்பினேன்.

"எங்கே போகிறாய்? எனக்குக் கோப்பி வேண்டும்," என்றார் கிழவர்.

"கீழே என் அக்கா வந்துவிட்டாள், சினியோரே."

"பன்னிரண்டுக்குத்தானே வருவாள்?"

கோப்பிக் கடைக்காரியிடம் அவரை விட்டுவிட்டு ஓட நினைத்தேன். அவளும் கைச்சாடையைப் புரிந்துகொண்டு சரி என்றாள். கிழவர் வழங்கும் கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். பாஷை தெரியாத ஊரில் தன்னை எறிந்துவிட்டுப் போகிறேன் என்று குழந்தைபோல அழத் தொடங்கினார். அந்தப் பிடியை உதறியிருக்கலாம். என்னால் முடியவில்லை.

இறக்கத்தில் நாற்காலியை முன்பக்கமாக இறக்க முடியாது. ஆள் முகங்குப்புற விழுந்துவிடுவார். தள்ளுபவன் கீழே நின்று, பள்ளத்துக்கு முதுகைக் காட்டி, ஒவ்வொரு கல்லாகப் பின்வாங்க வேண்டும். பஸ் என் முதுகுப் பக்கம். அது நிற்கிறதா போய்விட்டதா என்று திரும்பிப் பார்த்தால் சில்லு வழுக்கியது. கிழவர் "மெதுவாக, மெதுவாக" என்று கத்தினார். படிகள் வந்தன. ஒரு ஜெர்மன் தம்பதி தூக்க உதவினார்கள். பிறகு எங்களை நிறுத்திப் படம் வேறு எடுத்தார்கள். நான் தமிழில் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர்கள் சிரித்துக்கொண்டு கைகாட்டினார்கள். இரண்டு வளைவு மிச்சமிருக்கும்போது கீழே ஹோர்ன் சத்தம் கேட்டது, நீளமாக, மூன்று முறை.

பாலத்தடிக்கு வந்தபோது அங்கே பஸ் இல்லை.

அக்கா பிறகு தொலைபேசியில் சொன்னாள். "டிரைவர் வெள்ளைக்காரனடா. நேரத்துக்கு ஏறாட்டி விட்டிட்டுப் போடுவன் எண்டு பாரிசிலையே வெருட்டினவன். எல்லாரும் விடிய முன்னமே வந்து நிண்டிட்டினம்." ஒழுங்கு செய்தவர்தான் அவளைக் கையைப் பிடித்து ஏற்றினாராம். பத்திரம் இல்லாதவளைத் தெருவில் விட்டுவிட்டுப் போக அவருக்குப் பயம். அவரை நான் குறை சொல்லவில்லை. என் வாழ்நாளில் ஒரேயொரு தமிழ் பஸ் சொன்ன நேரத்துக்கு வந்தது, அது அன்றைக்குத்தானா வரவேண்டும் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்.

வள்ளம் வாடகைக்கு விடும் பெண் என்னைக் கண்டதும் ஓடி வந்தாள். ஒரு பையை என் கையில் தந்து, தன் கண்ணைத் துடைப்பதுபோல் காட்டி, பிறகு தெருவைக் காட்டினாள். நான் கிழவரை மரநிழலில் நிறுத்திவிட்டு ஆற்றங்கரையில் குந்தினேன்.

பைக்குள் வெள்ளித்தாள் பார்சல். புட்டு, பொரித்த மிளகாய், மீன். ஆறிப்போயிருந்தது. கையால் பிசைந்து ஒரு வாய் வைத்தேன். மீனில் முள் இல்லை. இன்னொரு துண்டை விரலால் நசுக்கிப் பார்த்தேன். அதிலும் இல்லை. சின்ன வயதில் ஒருமுறை எனக்குத் தொண்டையில் முள் சிக்கியது. அன்றிலிருந்து என் மீனுக்கு முள் எடுத்தது அக்காதான். இப்போது பாரிசில், விடியமுன் எழும்பி, மீசை வைத்த ஓர் ஆளுக்காக உட்கார்ந்து எடுத்திருக்கிறாள். பலெர்மோவில் வாரத்தில் இரண்டு நாள் இந்தக் கிழவருக்கு மீனில் முள் எடுத்து ஊட்டுகிறவன் நான். எனக்கும் முள் எடுக்க ஓர் ஆள் உண்டு என்பதை எப்போதோ மறந்துவிட்டேன்.

மரத்தடியிலிருந்து கிழவர் கூப்பிட்டார். நல்ல வாசனை வருகிறது, தனக்கும் கொஞ்சம் தா என்றார். வழக்கம்போல வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

நான் கொடுக்கவில்லை.